சில்லுக்குள் ஓர் ஒண்டுக்குடித்தனம்

கேள்வி: ‘மிக்ஸ்டு சிக்னல்’ சில்லு வடிவமைக்கும் மின் பொறியாளர் எதை எதோடு கலக்கிறார்?

பதில்: கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். குரலும் உடல்வெப்பமும் இதயத்துடிப்பும் இடைவெளியின்றி ஏறி இறங்கும் அளவுகளாக மின்சுற்றை வந்தடைகின்றன. அவற்றை அப்படியே கையாளும் சுற்று அனலாக் என்றும், பூஜ்யம், ஒன்று என்னும் இரு நிலைகளை மட்டும் அறிந்த சுற்று டிஜிட்டல் என்றும் வழங்கப்படுகின்றன. இவ்விரண்டையும் ஒரே சிலிக்கான் துண்டில் குடிவைப்பது, ஒரே முற்றமும் ஒரே கிணறும் உள்ள ஒண்டுக்குடித்தன வீட்டில் வீணை வித்துவானையும் பாத்திரப் பட்டறைக்காரரையும் அடுத்தடுத்த அறைகளில் அமர்த்துவதற்கு ஒப்பாகும். 5 வோல்ட் வீச்சை 16 பிட் எண்ணாக மாற்றும் சுற்றில் 65,536 படிகள் இருப்பதால், ஒரு படியின் உயரம் ஏறத்தாழ 76 மைக்ரோவோல்ட்தான். டிஜிட்டல் பகுதியின் டிரான்சிஸ்டர்கள் கூட்டமாக நிலைமாறும்போது பொதுவான கிரவுண்ட் கம்பியில் எழும் அதிர்வோ பல மில்லிவோல்ட்டைத் தொடக்கூடும். ஆகவே மின்வழங்கலைப் பிரிப்பதும், நுண்சுற்றைச் சுற்றிக் காப்பு வளையம் இடுவதும், பட்டறை ஓய்ந்திருக்கும் கணத்தில் மட்டும் அளவெடுப்பதும் இத்தொழிலின் அன்றாட வேலைகள்.

கேள்வி: ஒரே அச்சில் வார்க்கப்பட்ட இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் இருக்குமல்லவா?

பதில்: இரட்டைப் பிள்ளைகள் ஒன்றுபோல் இருக்கும் அளவுக்கு இருக்கும், பெற்றவளுக்கு வேறுபாடு தெரியும். மார்செல் பெல்கிரோமும் உடன் பணியாற்றியோரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வேறுபாடு டிரான்சிஸ்டர் பரப்பின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைவதைக் காட்டியது. அதாவது, வேறுபாட்டைப் பாதியாக்கப் பரப்பை நான்கு மடங்காக்க வேண்டும். டிஜிட்டல் சுற்று தலைமுறைதோறும் சுருங்கிக்கொண்டே போக, அனலாக் சுற்று தன் இடத்தை விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: முப்பத்தைந்தைத் தாண்டினால் பொறியாளர் பழசாகிவிடுகிறார் என்கிறார்களே, இங்கும் அப்படித்தானா?

பதில்: இங்கே நரைக்கு மதிப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. வெப்பம் ஏறினால் குறையும் ஒரு மின்னழுத்தத்தையும், கூடும் மற்றொன்றையும் சேர்த்து, வெப்பத்தால் அசையாத அளவுகோல் ஒன்றைப் பெறுவதற்காகப் பால் புரோக்கா 1974-இல் வெளியிட்ட சுற்று இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. மென்பொருள் மொழி மாறலாம், இயற்பியல் மாறுவதில்லை. அறை வெப்பநிலையில் 1 பிக்கோஃபாரட் மின்தேக்கியில் ஒரு மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்தால், வெப்பத்தின் விளைவாகவே ஏறத்தாழ 64 மைக்ரோவோல்ட் இரைச்சல் அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. முன்பு கண்ட 76 மைக்ரோவோல்ட் படியை அது எட்டிப்பிடிக்கப் பார்க்கிறது என்பதையும், இரைச்சலைப் பாதியாக்க மின்தேக்கியை நான்கு மடங்காக்கி, மின்செலவையும் ஏற்க வேண்டும் என்பதையும் உணர்ந்து பேரம்பேசும் பக்குவம் பல சில்லுகளைப் பார்த்த பிறகே கைகூடுகிறது.

கேள்வி: அனுப்பிய சில்லு தவறாகிப்போனால்?

பதில்: வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் ‘டேப்-அவுட்’ நாளுக்குப் பிறகு சில்லு கைக்கு வர மாதங்கள் ஆகும், அதன்பின் ஒரு கோட்டை அழித்து எழுத முடியாது. முன்யோசனை உடையவர்கள் காலியிடங்களில் உதிரி டிரான்சிஸ்டர்களை விதைத்து வைக்கிறார்கள். பிழை தெரிந்தால் மேலடுக்கு உலோகக் கம்பிகளை மட்டும் மாற்றி அவற்றை இணைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இதைக் கற்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: கிண்டிவரை போனாலும் போதும். அனலாக் அளவை எண்ணாக மாற்றும் டெல்டா-சிக்மா சுற்றுகளைப் பற்றி ஷ்ரையர், டெமெஸ் இருவரும் எழுதிய நூலின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் இணையாசிரியராகச் சேர்ந்த சாந்தி பவன், சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர். கிண்டிக்கும் போக இயலாதவர்களுக்கு அந்நிறுவனப் பேராசிரியர்களின் அனலாக் பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்னும் இணையப் பாடத்தளம் வழியே காணொளியாக இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது கணினி மென்பொருளை மூடிவைத்து, ஒவ்வொரு சுற்றையும் முதலில் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.