வேலை போனால் கோடி

(இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றியவை. அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்கள் பேசிவைத்துக்கொண்டு எழுதினார்களோ என்னவோ. உதைக்கிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.)

கே: என் மகன் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அங்கே துணைவேந்தரைவிட ஃபுட்பால் கோச்சுக்குச் சம்பளம் அதிகம் என்கிறான். புருடாதானே?
— ஒரு தகப்பனார், கும்பகோணம்

ப: பையன் அடக்கித்தான் வாசித்திருக்கிறான். துணைவேந்தர் என்ன, மாநில கவர்னரைவிட அதிகம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஒரு ஃபுட்பால் கோச் அல்லது கூடைப்பந்து கோச். அலபாமாவில் நிக் சபான் கடைசி ஆண்டுகளில் வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கினார். (ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள், தூக்கம் கெடும்.) 2013-ல் அவர் வீட்டை ரசிகர்களின் அறக்கட்டளை 31 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, அவரையே அதில் தொடர்ந்து குடியிருக்க வைத்தது. ஆனால் சபான் அந்தக் கல்லூரிக்கு ஆறு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. ஒரு பட்டமும் வாங்கித் தராதவர்களின் கணக்குதான் புரியவில்லை.

கே: ஜெயித்தால் போனஸ், தோற்றால் பட்டினி என்று எழுதிவிட்டால் விவகாரம் தீர்ந்ததே?
— ஒரு ஜவுளிக்கடைக்காரர், சேலம்

ப: எழுதிப் பார்த்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கோச் ஜிம் ஹார்பா 2020-ல் இரண்டு ஆட்டம் ஜெயித்து நான்கில் தோற்றார். 2021 ஜனவரியில் நிர்வாகம் அவருடைய 80 லட்சம் டாலர் சம்பளத்தைப் பாதியாக வெட்டியது. மீதி வேண்டுமானால் மைதானத்தில் சம்பாதித்துக்கொள்ளச் சொன்னது: பிக் டென் கான்ஃபரன்ஸ் (அவர்கள் ஆடும் லீக்) பட்டத்துக்கு 10 லட்சம், பிளேஆஃபில் (தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள்) நுழைந்தால் 5 லட்சம், தேசியப் பட்டம் என்றால் இன்னொரு 10 லட்சம். ரோஷக்காரராக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பார். ஹார்பா கையெழுத்துப் போட்டார்.

அதே மாநிலத்தில் இருக்கிறது மிச்சிகன் ஸ்டேட். அண்ணன் தம்பிப் பகை. 2021 அக்டோபர் 30-ல் தம்பி அண்ணனை 37-33 என்று சாய்த்தான். தம்பியின் கோச் மெல் டக்கருக்கு நாடெங்கும் கிராக்கி, லூசியானாவின் எல்.எஸ்.யு. பல்கலைக்கழகம் அவரைக் கொத்திக்கொண்டு போகப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. நவம்பர் 20-ல் அதே டக்கரின் அணி ஒஹாயோ ஸ்டேட்டிடம் 56-7 என்று நொறுங்கியது. நான்கே நாள் கழித்துப் புது ஒப்பந்தம் அறிவித்தார்கள்: பத்து ஆண்டு, 9.5 கோடி டாலர், முழு உத்தரவாதம். ஜெயித்தாலும் உண்டு, தோற்றாலும் உண்டு. பணத்துக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டு பணக்கார முன்னாள் மாணவர்கள்.

அந்த வாரக் கடைசியிலேயே, பாதிச் சம்பள ஹார்பா ஒஹாயோ ஸ்டேட்டை 42-27 என்று வென்றார். கான்ஃபரன்ஸ் பட்டமும் வந்தது. கிடைத்த போனஸை, கொரோனா காலத்தில் சம்பளம் வெட்டப்பட்ட விளையாட்டுத் துறை ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவதாக அறிவித்தார். முழு உத்தரவாத டக்கரின் அணி அடுத்த ஆண்டு ஐந்தில் வென்று ஏழில் தோற்றது. 2023 செப்டம்பரில் நடத்தை குறித்த புகார் ஒன்றின் பேரில் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. ‘தகுந்த காரணத்துடன்’ நீக்குவது என்ற அந்த ஒரு கதவைத் திறந்ததால் மீதிக் கோடிகளைக் கொடுக்கவில்லை.

ஆகவே போனஸ்தான் மருந்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹார்பா ஜெயித்ததும் மிச்சிகனே 2022 பிப்ரவரியில் சம்பளத்தைப் பழையபடி ஏற்றிவிட்டது. அவருக்கும் வேறு இடத்திலிருந்து அழைப்பு வரத் தொடங்கியிருந்தது. 2024 ஜனவரியில் தேசியப் பட்டமும் வாங்கினார். எதிரணிகளின் சைகைகளை வேவு பார்த்த விவகாரத்தில் அந்த சீசனின் கடைசி மூன்று லீக் ஆட்டங்களுக்குத் தடையும் வாங்கினார்.

கே: ‘பைஅவுட்’ என்கிறார்களே, அது என்ன?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தூத்துக்குடி

ப: கோச்சை இடையில் நீக்கினால் கல்லூரி கட்டவேண்டிய தொகை. (கோச் தானாக ஓடினால் அவர் கட்டவேண்டியதும் உண்டு. அதைப் பெரும்பாலும் அவரை இழுத்துக்கொண்டு போகிற புதுக் கல்லூரி கட்டிவிடும்.) ஒப்பந்தத்தின் உயிர்நாடி போனஸ் பக்கத்தில் இல்லை, இந்தப் பக்கத்தில் இருக்கிறது.

டெக்சஸ் ஏ அண்ட் எம் கதையைக் கேளுங்கள். அவர்கள் கடைசியாகத் தேசியப் பட்டம் வாங்கியது 1939-ல். 2017 டிசம்பரில் ஜிம்போ ஃபிஷரைப் பத்து ஆண்டு, 7.5 கோடி டாலர், முழு உத்தரவாதத்தில் கொண்டுவந்தார்கள். வந்தவருக்குத் தேசிய சாம்பியன் என்று பொறித்த ஒரு பலகையையும் பரிசளித்தார்கள். ஆண்டை மட்டும் ‘20’ என்று எழுதி மீதி இரண்டு இலக்கத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். 2020-ல் ஒரே ஒரு தோல்வியோடு முடித்தார். உடனே, 2021-ல், ஒப்பந்தம் 2031 வரை நீண்டது. கேட்டவர் யாரும் இல்லை, வேறு கல்லூரி கொத்திக்கொண்டு போய்விடுமோ என்று பயந்தவர்கள்தான் இருந்தார்கள்.

2023 நவம்பரில் மிஸிஸிப்பி ஸ்டேட்டை 51-10 என்று வென்றார், மறுநாள் நீக்கினார்கள். பைஅவுட் சுமார் 7.6 கோடி டாலர். ஒரு பெரும் தொகை உடனடியாக, மீதி 2031 வரை வருடாவருடம் 70 லட்சத்துக்கு மேல். வேறு வேலைக்குப் போனாலும் இதில் ஒரு டாலர் குறையாது. பலகையில் அந்த இரண்டு இலக்கம் இன்னும் காலி.

கே: தோற்றதற்குப் பரிசு கொடுத்த கல்லூரி உண்டா?
— கல்லூரி மாணவி, கோவை

ப: நோட்டர் டேம். 2005-ல் புது கோச் சார்லி வைஸ் யூ.எஸ்.சி. பல்கலைக்கழகத்திடம் 34-31 என்று மயிரிழையில் தோற்றார். ‘தோற்றாலும் என்ன அழகாகத் தோற்றார்!’ என்று அந்த மாதமே 2015 வரை ஒப்பந்தத்தை நீட்டினார்கள். 2009-ல் நீக்கினார்கள். பணம் 2015 வரை போய்க்கொண்டே இருந்தது. இடையில் கான்சஸ் பல்கலைக்கழகம் அவரை எடுத்து, 2014-ல் அதுவும் நீக்கியது. அப்புறம் கொஞ்ச காலம், கோச்சாக வேலை பார்க்காமல் இருப்பதற்காக இரண்டு பல்கலைக்கழகங்கள் அவருக்குச் சம்பளம் கொடுத்தன.

கே: பக்கத்து ஊர்க்காரனைப் பார்த்துப் பார்த்தே கெட்டுப்போன கல்லூரி ஏதாவது?
— மளிகைக்கடைக்காரர், திண்டுக்கல்

ப: ஆபர்ன். மாநிலம் அலபாமா, எதிரி அலபாமா பல்கலைக்கழகம். 2003-ல் ஆபர்னின் தலைவர், விளையாட்டுத் துறை இயக்குநர், அறங்காவலர்கள் இருவர் ரகசியமாக விமானம் ஏறிப் போய் வேறொரு கோச்சைப் பார்த்து வந்தார்கள். அப்போது டாமி டியூபர்வில் பதவியில் இருந்தார். அலபாமாவுடனான ஆட்டத்துக்கு இரண்டு நாள்தான் பாக்கி! அந்த ஆட்டத்தை அவர் ஜெயித்துவிட்டார். விமானக் கதையும் வெளியே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 2007-ல் எதிர்வீட்டுக்கு சபான் வந்து சேர்ந்தார். 2008-ல் அவரிடம் 36-0 வாங்கியதும் டியூபர்வில் விலகினார், கையில் 51 லட்சம் டாலருடன். பிற்பாடு அதே மாநிலத்தின் செனட்டர் ஆனார். அயர்ன் பௌல் (இந்த இரண்டு கல்லூரிகளும் மோதும் ஆட்டத்தின் பெயர்) அரசியலில் தப்பித்தவருக்கு வாஷிங்டன் எம்மாத்திரம்.

பிறகு வந்த ஜீன் சிஸிக் 2010-ல் தேசியப் பட்டம் வாங்கினார், 2012-ல் 75 லட்சம் டாலருடன் வெளியேறினார். கஸ் மல்ஸான் 2017 நவம்பரில் அலபாமாவை 26-14 என்று வென்றார். அவருடைய சொந்த மாநிலமான ஆர்கன்சா வலை வீசியது. ஆபர்ன் பதறிப்போய் ஏழு ஆண்டுக்கு 4.9 கோடி எழுதிக்கொடுத்தது. மூன்றே ஆண்டில் நீக்கி 2.15 கோடி கட்டியது. அடுத்த பிரையன் ஹார்சினுக்கு 1.5 கோடிக்கு மேல், அதற்கடுத்த ஹியூ ஃப்ரீஸுக்கு 2025 நவம்பரில் ஏறக்குறைய அதே அளவு. ஐந்து ஆண்டில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்ப 5 கோடி டாலருக்கு மேல். எதிர்வீட்டில் 2007 முதல் 2024 வரை ஒரே கோச், ஒரு பைஅவுட்கூட இல்லை. கோச்சின் விலையை அவர் ஜெயித்த ஆட்டங்கள் தீர்மானிப்பதாகச் சொல்வார்கள். தீர்மானிப்பது, இவரை விட்டுவிட்டால் எதிரி முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்ற கிலி.

கே: இத்தனை பணம் யார் வீட்டுப் பணம் சார்?
— ஆடிட்டர், மயிலாப்பூர்

ப: தொழில் புத்தி! டிவி பணம் முதலில். 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒளிபரப்பு உரிமையை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் பிடியிலிருந்து விடுவித்தது. இன்று பிக் டென் கான்ஃபரன்ஸின் டிவி ஒப்பந்தம் மட்டும் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலர். பிளேஆஃப் ஒளிபரப்புக்கு ஈ.எஸ்.பி.என். ஆறு ஆண்டுக்கு 780 கோடி தருகிறது. அப்புறம் டிக்கெட். மிச்சிகன் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். நல்ல இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட்டுக்கு முன்னால் ‘நன்கொடை’ தரவேண்டும். 2017 வரை அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வருமான வரிச் சலுகையே இருந்தது. இங்கே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ‘பூஸ்டர்’ எனப்படும் பெரும் புள்ளிகள். எண்ணெய் முதலாளி பூன் பிக்கன்ஸ், ஓக்லஹோமா ஸ்டேட் விளையாட்டுத் துறைக்கு ஒரே தவணையில் 16.5 கோடி டாலர் கொடுத்தவர். நம்மூர்க் கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான். அங்கே உபயதாரர் அர்ச்சகரையும் தானே மாற்றப் பார்ப்பார். பைஅவுட் இவ்வளவு சுலபமாகக் கட்டப்படுவதற்குக் காரணம் இதுதான்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு, செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு.

கே: கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கும் கோச் யாராவது உண்டா?
— கணித ஆசிரியை, யாழ்ப்பாணம்

ப: டீச்சர், உங்களுக்கென்றே ஒருவர் இருக்கிறார். அயோவாவில் அப்பா கிர்க் ஃபெரன்ட்ஸ் தலைமைப் பயிற்சியாளர், மகன் பிரையன் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தார். தாக்குதலைத் தவிர எல்லாம் நடந்தது. 2023-ல் மகனின் சம்பளத்தில் 50 ஆயிரம் டாலரைக் குறைத்து ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி, குறைந்தது ஏழு வெற்றி. தடுப்பாட்டக்காரர்கள் எடுக்கும் புள்ளிகளும் மகன் கணக்கிலேயே சேரும் என்ற கருணையும் இருந்தது. வெற்றி பத்து வந்தது. சராசரி பதினைந்தைச் சொச்சம்தான். சீசன் முடியும் முன்பே, அடுத்த ஆண்டு அவர் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

கே: மூன்று வாரம் பொறுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும் பொருளை இன்றே வாங்குபவரை என்னவென்பது?
— ஆடித் தள்ளுபடி ரசிகை, தி.நகர்

ப: நெப்ராஸ்கா. கோச் ஸ்காட் ஃபிராஸ்ட்டை நீக்க 1.5 கோடி டாலர். 2022 அக்டோபர் 1 பிறந்தால் 75 லட்சம். செப்டம்பர் 11-ல் நீக்கினார்கள்.

கே: மற்றவர்கள் வாங்கும் பட்டத்துக்கும் போனஸ் கிடைக்குமா?
— அலுவலகக் குமாஸ்தா, விருதுநகர்

ப: 2014-ல் ஒஹாயோ ஸ்டேட் மாணவர் ஒருவர் மல்யுத்தத்தில் தேசியப் பட்டம் வென்றார். விளையாட்டுத் துறை இயக்குநருக்கு 18 ஆயிரம் டாலருக்கு மேல் போனஸ். மல்யுத்தம் செய்தவர் கோப்பையை வைத்துக்கொள்ளலாம்.

கே: இந்த ஒப்பந்தங்களைப் போடுகிறவர்களுக்குத் தண்டனையே இல்லையா?
— வழக்கறிஞர், திருநெல்வேலி

ப: 2021 நவம்பர் கடைசி வாரம் என்று ஒன்று உண்டு. எல்.எஸ்.யு., யூ.எஸ்.சி. இரண்டிலும் நாற்காலி காலி. பயந்துபோன பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினுக்குப் பத்து ஆண்டு கொடுத்தது. மறுநாள் மிச்சிகன் ஸ்டேட் டக்கருக்குப் பத்து ஆண்டு. கடைசியில் எல்.எஸ்.யு. பிடித்தது பிரையன் கெல்லியை. அவருக்கும் பத்து ஆண்டு, 9.5 கோடி. 2025 அக்டோபர் முடிவதற்குள் மூவரும் வெளியே.

கெல்லி போனது, சொந்த மைதானத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 49-25 என்று தோற்ற மறுநாள். பைஅவுட் சுமார் 5.4 கோடி. சுமை கடைசியில் வரி கட்டுகிறவர் தலையில்தான் விழும் என்று லூசியானா கவர்னர் ஜெஃப் லாண்ட்ரி கொதித்தார். அந்த வாரமே இயக்குநர் ஸ்காட் உட்வர்ட் பதவியை இழந்தார். டெக்சஸில் இருந்தபோது ஃபிஷரின் முதல் ஒப்பந்தத்தைப் போட்டவரும் இதே உட்வர்ட்தான். அதை 2021-ல் நீட்டியபோது அங்கே இயக்குநராக இருந்த ராஸ் பியோர்க் இப்போது ஒஹாயோ ஸ்டேட்டில் இருக்கிறார். தண்டனை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

ஃபிராங்க்ளின் விஷயத்தில் மட்டும் யாரோ சட்டம் படித்தவர் பேனாவைப் பிடித்திருக்கிறார். வேறு வேலை கிடைத்தால் பைஅவுட் குறையும் என்று எழுதியிருந்தார்கள். சுமார் 4.9 கோடி கொடுக்கவேண்டிய பென் ஸ்டேட், அவர் வர்ஜினியா டெக்கில் சேர்ந்ததால் 90 லட்சத்தோடு கணக்கை முடித்தது.

கே: இப்போது ஆடுகிற பையன்களுக்கும் பணம் தருகிறார்களாமே. இனி கோச் சம்பளம் இறங்குமா?
— ஐ.டி. ஊழியர், டல்லாஸ்

ப: 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசப்படி, ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து, முதல் ஆண்டான 2025-26-ல் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆனது. இறங்கும் என்று நானும் நினைத்தேன். நவம்பரில் எல்.எஸ்.யு., பிளேஆஃப் வாசலில் நின்ற ஓல் மிஸ் அணியிலிருந்து லேன் கிஃபினைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஏழு ஆண்டு, ஏறக்குறைய 9.1 கோடி. பையன்களுக்கு உச்சவரம்பு உண்டு. கோச்சுக்குக் கிடையாது.

கே: பைஅவுட்டால் யாருக்காவது நல்லது நடந்திருக்கிறதா? சும்மா திட்டாமல் சொல்லுங்கள்.
— ஒஹாயோ ரசிகர், கொலம்பஸ்

ப: உங்கள் ஊரிலேயே நடந்தது, என் வாயால் கேட்க ஆசைப்படுகிறீர்கள். 2024 நவம்பர் 30-ல் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றீர்கள். தொடர்ந்து நான்காவது தோல்வி, அதுவும் சொந்த மைதானத்தில். அன்று இரவு கோச் ரயன் டேயின் தலையைக் கேட்காத ஒஹாயோக்காரர் குறைவு. நீக்கியிருந்தால் மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் ஆகியிருக்கும். இயக்குநர் பியோர்க் — ஆம், அதே பியோர்க் — அசையவில்லை. டெக்சஸில் பட்ட பாடமா, தொகையைப் பார்த்த மலைப்பா, டேயின் மீது நம்பிக்கையா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஐம்பத்தொரு நாள் கழித்து, ஜனவரி 20-ல், நோட்டர் டேமை 34-23 என்று வென்று டே தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தார். பிப்ரவரியில் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள். வருடத்துக்கு 1.25 கோடி.