ஆறு மாதம் என்பது எத்தனை வருஷம்?

கேள்வி: எம்.பி. ஜெயித்தது செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனால், அவர் பதவிக்காலம் முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடுமா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: சட்டத்துக்கு அவசரம்தான். முடிவு வந்த 45 நாளுக்குள் ஹைகோர்ட்டில் மனு போட்டாக வேண்டும். தோற்றவர்தான் என்றில்லை, தொகுதி வாக்காளரும் போடலாம். டெபாசிட் 2,000 ரூபாய். எதிர்தரப்புக்குத் தரும் ஒவ்வொரு நகலிலும் 'உண்மை நகல்' என்று மனுதாரரே கையெழுத்திட வேண்டும். அதில் கோட்டைவிட்டால் எதிர்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்தக் கையெழுத்தைத்தான். தில்லுமுல்லு விசாரணையெல்லாம் அப்புறம். ஆறு மாதத்துக்குள் முடிக்க 'முயல வேண்டும்' என்றும் 1951-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. முயல்கிறார்கள்.

தேனியில் ஓ.பி. ரவீந்திரநாத் ஜெயித்தது 2019 மே. சொத்து விவரத்தை மறைத்தார் என்று வாக்காளர் ஒருவர் போட்ட வழக்கில், வெற்றி செல்லாது என்று சென்னை ஹைகோர்ட் சொன்னது 2023 ஜூலை. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தடை. எம்.பி. எம்.பி.யாகவே இருந்தார், 2024-ல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது.

இந்திரா காந்திக்கும் இதே கதைதான். 1971-ல் ரேபரேலியில் லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம். பிரசார மேடை போட்டதும் மைக்குக்குக் கரண்ட் கொடுத்ததும் உ.பி. அரசு அதிகாரிகள் என்பது ஒரு குற்றச்சாட்டு. அலகாபாத் நீதிபதி சின்ஹா 1975 ஜூன் 12-ல் தேர்தலை ரத்து செய்தார். அம்மையார் 25-ஆம் தேதி எமர்ஜென்சி கொண்டுவந்து, தேர்தல் சட்டத்தையும் பின்தேதியிட்டுத் திருத்தி, நவம்பரில் அப்பீலில் ஜெயித்தார். அந்த வசதி எல்லா எம்.பி.க்கும் கிடையாது.