பல்லிக்கு நாங்கள் பொறுப்பல்ல

கோபிசெட்டிபாளையத்தில் வீட்டுச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர், மொடச்சூர்ச் சந்தைக் கூட்டம் கடைவீதியில் பிதுங்காத ஒரு நாளாகப் பார்த்து, அவசர ஜோலி எதையும் வைத்துக்கொள்ளாமல் போவது உத்தமம். ஏனெனில், விற்பனைப் பையனின் சம்பாஷணையில் ஒரு கட்டத்தில் நிகழும் விசித்திரமான திருப்பத்தை நிதானமாக இருந்து அனுபவிக்காவிட்டால், கொடுத்த பணத்தில் பாதி வீண். கதவைத் திறந்து, உள்ளே விளக்கு எரிவதைக் காட்டி, காய்கறித் தட்டை இழுத்து, மூடி, மறுபடியும் இழுத்து, "உங்க பேரன் காலத்துக்கும் ஓடுமுங்க, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று அரை மணி நேரம் அந்தப் பெட்டியின் சிரஞ்சீவித்துவத்தை நிலைநாட்டிய அதே பையன், நாம் மனம் இளகிப் பில் போடச் சொன்ன மறுகணம், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு வருசம் கழிச்சு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்கிறான். பட்டினத்தாரும் நிலையாமையை உபதேசித்தவர்தாம். ஆனால் அவர் முதலில் பொருளை விற்றுவிட்டுப் பிறகு உபதேசிக்கவில்லை, உபதேசத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் வாங்கவில்லை.

இந்த உபதேசத்துக்குக் கடைவீதியில் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று பெயர். கம்பெனிக்காரர் தாமாகவே தருகிற ஓராண்டுப் பொறுப்பு முடிந்த பிற்பாடு, இன்னும் இரண்டோ மூன்றோ நான்கோ ஆண்டுகளுக்கு அதை நீட்டிப்பதன் நிமித்தம் நாம் முன்கூட்டியே சமர்ப்பிக்கும் தட்சிணை அது. 'அஞ்சு வருச வாரண்டி' என்று பையன் சொல்லும்போது, அதில் முதல் வருஷம் இலவசமாகவே வந்தது என்பதும், ஃபிரிட்ஜின் கம்ப்ரஸருக்கும் சலவை இயந்திரத்தின் மோட்டாருக்கும் பல கம்பெனிகள் பத்தாண்டுப் பொறுப்பைத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கின்றன என்பதும் அவன் வாயில் வருவதில்லை. வீட்டுக்குப் போய் அட்டைப் பெட்டியைப் பிரித்தால்தான், ஏற்கெனவே நம்முடையதாயிருந்த ஒன்றையும் சேர்த்து விலைக்கு வாங்கியிருக்கிறோம் என்று தெரியவரும்.

எங்கள் கொங்கு நாட்டு மனிதர் இப்படியொரு சரக்குக்குப் பழகியவர் அல்லர். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற சந்தைக்குக் காளை பிடிக்கப் போகிறவர், அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடத்திப் பார்ப்பார், தரகரின் கையைத் துண்டுக்கு அடியில் பிடித்து விரலாலேயே விலை பேசுவார், கயிறு கை மாறிய பிற்பாடு காளை படுத்துக்கொண்டாலும் சரி, பிய்த்துக்கொண்டு ஓடினாலும் சரி, அது வாங்கியவர் பாடு. விற்றவர் பொறுப்பேற்க மாட்டார் என்று தெரிந்திருந்ததனாலேயே வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கினார். ஃபிரிட்ஜுக்கோ பல் கிடையாது. சுழி ஏதேனும் இருந்தாலும் அது பின்புறத் தகட்டுக்கு உள்ளே இருக்கிறது. அந்தத் தகட்டை நாம் கழற்றினால் வாரண்டி போய்விடும்.

விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்னும் இந்தச் சங்கடத்தை, ஜார்ஜ் அகர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணர், பழைய கார் வியாபாரத்தை உதாரணமாக வைத்து 1970-இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அவ்வகை ஆராய்ச்சிக்காக 2001-இல் வேறு இருவரோடு நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அவர் சொன்ன பரிகாரங்களுள் ஒன்று, விற்பவன் தரும் உத்தரவாதம். தன் சரக்கை நம்புகிறவன்தான் துணிந்து பொறுப்பேற்பான் என்பது அதன் தாத்பரியம். ரொம்பச் சரி. ஆனால் அந்த உத்தரவாதத்தையே தனிச் சரக்காக்கி, அதற்கு வேறு விலை வைத்து, பல சமயங்களில் வேறொரு கம்பெனியின் பெயரில் விற்கத் தொடங்கினால் அது சாட்சியம் ஆகுமா? சாட்சிக்குக் கொடுக்கும் கூலியே ஆகும். அதுவும் நம் மடியிலிருந்து.

நிபந்தனைப் பத்திரத்தைப் பூதக்கண்ணாடி வைத்து ஆதியோடந்தமாகப் படிக்கும் ஓய்வு எனக்கு உண்டு. பிளாஸ்டிக், கண்ணாடி, ரப்பர், பல்பு ஆகியவை சேராவாம். வோல்டேஜ் ஏறி இறங்கிக் கெட்டால் சேராதாம். உப்புத் தண்ணீரால் கெட்டால் சேராதாம். எலி கடித்தாலும் பூச்சி புகுந்தாலும் சேராதாம். அங்கீகாரம் பெறாத மெக்கானிக் ஒரு திருகாணியைத் தொட்டிருந்தாலும் எதுவுமே சேராதாம். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் வழியே தண்ணீர் ஓடி, சுற்றிலும் நெல் விளைகிற பூமியில் வந்து, எலியை மட்டும் விலக்கிவிட்டுப் பொறுப்பேற்கிறேன் என்கிறவருடைய வியாபார ஞானத்தை நான் மனமார மெச்சுகிறேன்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு ஷரத்து இருந்தது: தெய்வச் செயலால் விளையும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. இதைப் படித்ததும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன். பாரியூர்க் கொண்டத்துக் காளியம்மனுக்கு ஆண்டுதோறும் குண்டம் இறங்குகிற ஜனங்களிடையே, மழை பெய்தாலும், இடி விழுந்தாலும், இட்லி மாவு பொங்காமல் போனாலும், அம்மன் அறியாமல் நடந்தது என்று ஒப்புக்கொள்ள ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார். ஆகவே, தம் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டது தெய்வச் செயல் அன்று என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லி நஷ்டஈடு கோரும் யோக்கியதை பூரணமாக வாய்த்தவர், ஈரோட்டில் பிறந்த பெரியாருடைய தொண்டர் ஒருவரே. ஷரத்தை வரைந்தவர் எங்கள் ஜில்லாவின் சரித்திரத்தை நன்கு அறிந்தவர் போலும்!

இதெல்லாம் வெறும் ஏட்டு விசாரம் என்று யாரும் எண்ண வேண்டாம். கோவையில் பொறியாளராக இருக்கும் என் மகள் ஒரு சலவை இயந்திரம் வாங்கி அனுப்பினாள். வாரண்டியையும் அவளே நீட்டித்திருந்தாள். மூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, என் வேட்டிகள் இரண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டே அது பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிட்டது. சர்வீஸுக்கு வந்த இளைஞன் தகட்டைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சினான். பச்சைப் போர்டின் மேல், இரண்டு ஈயப் பொட்டுகளுக்குக் குறுக்கே முன்னங்கால் ஒன்றையும் வாலையும் நீட்டியபடி, ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. பக்கத்தில் தீப்பெட்டி அகலத்துக்குப் போர்டு கறுத்திருந்தது.

"பல்லிங்க" என்றான். "கவர் ஆகாதுங்க."

"உள்ள போறதுக்குச் சந்து விட்டது ஆருங்க தம்பி?"

"அது காத்துப் போறதுக்குக் கம்பெனி வெச்சதுங்க."

"காத்துப் போற வழியில பல்லி போகக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதி ஒட்டியிருக்குதா?"

"ஒட்டியிருந்தாலும் அதுக்குப் படிக்கத் தெரியாதுங்களே" என்று மிகுந்த விநயத்துடன் சொல்லிவிட்டு, அவன் அந்தப் பல்லியை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினான். எங்கள் குடும்பத்தில் எவரையும் அத்தனை சிரத்தையோடு யாரும் படம் எடுத்ததில்லை. என் சகதர்மிணி உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து புரட்டினாள். தலை, தோள், முழங்கை, பாதம் என்று ஒவ்வோர் அங்கத்துக்கும் பல்லி விழும் பலன் அதில் தனித்தனியே கண்டிருந்தது. போர்டின் மேல் விழுந்தால் என்ன பலன் என்று மட்டும் இல்லை. அந்தக் குறையை இளைஞன் நிவர்த்தி செய்தான்: புதுப் போர்டு எட்டாயிரத்துச் சொச்சம். பிறகு கச்சேரிமேட்டுப் பக்கத்து மெக்கானிக் ஒருவர், கருகிய இடத்தைச் சுரண்டித் துடைத்து, நாலு இடத்தில் பற்றவைத்து, சில நூறு ரூபாயில் அதை எழுப்பி உட்கார வைத்தார். அவர் அங்கீகாரம் பெறாதவர் ஆகையால், வாரண்டியில் மிச்சமிருந்த காலமும் அந்தப் பல்லியோடு சிவலோகப் பதவி அடைந்தது.

மகளுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். இயந்திரங்களின் ஆயுளைப் பற்றிக் கல்லூரியில் அவள் படித்த பாடத்தை அப்போதுதான் எனக்கு விளக்கினாள். எந்தச் சாதனமானாலும், செய்முறைக் கோளாறு இருந்தால் அது வாங்கிய சில மாதங்களிலேயே வெளிப்பட்டுவிடும்; அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் பல வருஷங்கள் அநேகமாக உபத்திரவமின்றி ஓடும்; பிறகு தேய்மானத்தால் மறுபடியும் அடிக்கடி படுக்கும். இதை வரைபடமாகப் போட்டால், இரு ஓரமும் உயர்ந்து நடுவில் தட்டையாக இருப்பதால், குளியல் தொட்டி வளைகோடு என்று பொறியாளர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் ஓரத்துக் கண்டம் கம்பெனியின் இலவச வருஷத்துக்குள் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. கடைசி ஓரம் வருவதற்குள் நீட்டித்த வாரண்டி காலாவதியாகிவிடுகிறது. ஆக, நாம் விலை கொடுத்து வாங்குவது நடுவில் உள்ள தட்டையான, ஆரோக்கியமான பிராயத்தை.

"இவ்வளவும் தெரிஞ்சும் நீ ஏன் கண்ணு பணங்கட்டுனே?" என்றேன்.

"அது பரீட்சைக்குப் படிச்சதுங்கப்பா" என்றாள்.

பிரிட்டனில் இந்த விவகாரத்தை அரசாங்கத்தின் போட்டி ஆணையம் விசாரித்து 2003-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் 2005-இல் வந்த உத்தரவுப்படி, கடைக்காரர் வாரண்டியின் விலையைப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். அதை வாங்கியவர் 45 நாட்களுக்குள் மனம் மாறினால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பில் மேசையில் வைத்துப் பயமுறுத்தி வாங்கும் சம்மதம் சம்மதமே அன்று என்பதை ஒரு ராஜாங்கம் ஒப்புக்கொண்டதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தென்படவில்லை. இங்கே அந்த 45 நாள் அவகாசம் நமக்கு இல்லை.

ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒன்று நமக்கு உண்டு. 1955-இல் கோவையில் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கிய நாள் முதல், ஊத்துக்குளிக் கல்லும் கோவை மோட்டாரும் சேர்ந்து கொங்கு நாட்டுச் சமையலறைகளில் சுழன்றுவருகின்றன. 2005-06-இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. எங்கள் வீட்டுக் கிரைண்டருக்குப் பெல்ட் மாற்றியிருக்கிறோம், மோட்டாருக்குக் காயில் கட்டியிருக்கிறோம், கல் கொத்தியிருக்கிறோம். அதற்கு ஒரு வாரண்டி கார்டு இருந்ததா என்று எவரும் தேடியதில்லை. 2011 செப்டம்பர் தொடங்கி அரசாங்கம் விலையில்லாமல் கொடுத்த கிரைண்டர்கள் எங்கள் தெருவில் இன்றைக்கும் மாவரைக்கின்றன. திறந்து பார்த்தால் புரிகிற சாதனமும், திறக்கத் தெரிந்த மெக்கானிக் நடந்துபோகிற தூரத்தில் இருப்பதும் ஒருங்கே வாய்த்த ஊரில், பொறுப்பை எழுதி வாங்குவது அனாவசியம்.

என் சகதர்மிணி நடத்திவரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் பற்றியும் இங்கே பிரஸ்தாபிக்க வேண்டும். அதற்கு ஆபீஸ் இல்லை, ஏஜென்ட் இல்லை, நிபந்தனைப் பத்திரம் இல்லை. மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டி உண்டு. நீட்டித்த வாரண்டிக்கென்று கடையில் எந்தத் தொகையைக் கேட்டார்களோ, அந்தத் தொகையை அங்கே மறுத்துவிட்டு, வீடு திரும்பியதும், "கடைக்காரனுக்குக் குடுத்ததா நெனச்சுக்கங்க" என்று என்னிடம் வசூலித்து அதில் போட்டுவிடுவாள். பெண்டிர் சிறுவாடு சேர்ப்பது புராதன வழக்கம். ஒவ்வொரு சாமானுக்கும் உரிய பிரீமியத்தை ஒரே புட்டியில் சேர்த்து, அவற்றில் எது கெடுகிறதோ அதற்கு எடுத்துச் செலவழிப்பது அவளுடைய அபிவிருத்தி. எலி, பல்லி, வோல்டேஜ், அம்மன் ஆகிய நால்வரும் செய்யும் சேதங்களுக்கு அந்தப் புட்டி பொறுப்பேற்கிறது. காலாவதி கிடையாது. குறை ஒன்றே ஒன்று: வரவு செலவு அறிக்கையைப் பங்குதாரருக்குக் காட்டுவதில்லை. போன தீபாவளிக்குக் காதில் புதுத்தோடு மின்னக் கண்டு, இது ஏது என்று கேட்டேன். "இந்த வருசம் ஒண்ணுமே கெட்டுப்போகலீங்களே!" என்றாள்.

என் தீர்ப்பு இதுதான். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, சாதாரண ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கு நீட்டித்த வாரண்டி வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினால், பத்திரம் விலக்கிவைத்த வோல்டேஜையாவது அது பார்த்துக்கொள்ளும். பெரிய டி.வி.க்கு வேண்டுமானால் யோசிக்கலாம். பேனல் போனால் ஏறக்குறைய டி.வி.யின் விலையையே கேட்பார்கள். ஆனால் பத்திரத்தில் பேனல் என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணத்தை எண்ண வேண்டும். வாரண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பில்லை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்: சூட்டில் எழுத்துத் தோன்றும் அந்தக் காகிதம், கோபி வெயிலில் இரண்டு சித்திரையைக் கண்டதும் வெள்ளைத்தாள் ஆகிவிடும், வெள்ளைத்தாளுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்பதில்லை. சேர வேண்டியதைச் சேராது என்று கைவிரித்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால், இரண்டு ஆண்டுக்குள், பில்லின் நகலோடு ஈரோட்டிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.