சரியாப் போயிடும்: குடும்பத்தாருக்கு ஒரு செயல்முறைக் கையேடு

வீட்டில் ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் செலவு, அலைச்சல், மூன்று வேளைக்கும் ஓட்டல் என்று தொல்லைகள் வரிசை கட்டி நிற்கும். இவற்றைத் தவிர்க்க நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வரும் முறை ஒன்று உண்டு. மருந்து வேண்டாம், மாத்திரை வேண்டாம், "சரியாப் போயிடும்" என்ற ஒரு வாக்கியம் போதும். எப்போது சரியாகும் என்பதை மட்டும் அவளுடைய வயதுக்குத் தக்கபடி மாற்றிச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கான பயிற்சிதான் இது.

பெண் பெரியவளானதும் தொடங்கிவிடுங்கள். மண்டபம் பிடியுங்கள், பிளக்ஸ் அடியுங்கள், தாய்மாமன் சீர்த்தட்டுகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று சில நாட்கள் தாராளமாகக் கொடுக்கலாம். எல்லாமே நல்ல சாப்பாடு; அதனாலேயே சடங்கு முடிந்த மறுநாள் நிறுத்திவிட வேண்டும். மொய்ப் பணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமே என்று எந்தச் சித்தியாவது சொன்னால் அவரைப் பந்திக்கு அனுப்பிவிடுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே வீசுகிறாளா என்று கேட்காதீர்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாளா என்றும் கேட்காதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது என்று யாராவது சொன்னால், "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று முகத்தைச் சுளிக்கவும். அந்த ஊசிக்கு உகந்த வயது 9 முதல் 14. சுளித்துக்கொண்டே இருந்தால் அது தானாகக் கடந்துவிடும்.

மாதம்தோறும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால், வீட்டில் பாட்டி இருக்கும் பட்சத்தில் பாட்டியை முன்னே விடுங்கள். "பொம்பளைப் பிள்ளைன்னா அப்படித்தான்டி. நாங்கள்லாம் படலையா?" இதற்கு மறுபேச்சு கிடையாது. வலி மாத்திரைக்கும் அடங்காமல் ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கு மட்டம் போட வைக்கிற வலி சாதாரண வலி இல்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பல பெண்களுக்கு அந்தப் பெயரைக் கேள்விப்படவே பல வருடம் ஆகிறது. அத்தனை வருடத்தையும் சம்பாதித்துக் கொடுப்பது பாட்டியின் ஒரே வாக்கியம்.

இருபது வயதைத் தாண்டியதும் வாக்கியத்தை மாற்றுங்கள்: "கல்யாணமானா சரியாப் போயிடும்." மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் தீட்டு, தாடையில் முளைக்கும் முடி, காரணமில்லாமல் ஏறும் எடை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். டாக்டர் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று சொல்லிவிட்டால் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வையுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாதே! தாலிக்கு ஹார்மோன்களைச் சீராக்கும் சக்தி உண்டு என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் கையேடு எழுதுகிறவள் வாசகரின் நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது. கல்யாணமாகியும் சரியாகவில்லையா? "ஒரு பிள்ளை பொறந்தா சரியாப் போயிடும்" என்று அடுத்த தவணை கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கர்ப்ப காலம் மட்டும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. அரசு குறுக்கிடும். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருவார், பதிவு எண் தருவார், எடை பார்ப்பார், ரத்தம் எடுப்பார், இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் திணித்துவிட்டு அடுத்த தடவை வந்து காலி அட்டையைக் காட்டச் சொல்வார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய மகப்பேறு உதவி 18,000 ரூபாய் வரை வந்துவிட்டது. இத்தனை பேர் கவனிக்கும்போது நீங்கள் அலட்சியமாக இருப்பது கடினம். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்ததும் எல்லோருடைய பார்வையும் தொட்டில் பக்கம் திரும்பிவிடும். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் அதே தாய் அதே ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் நிற்பாள். ஊசி குழந்தைக்கு மட்டும்தான். இரவெல்லாம் காரணமில்லாமல் அழுகிறாள், குழந்தையைத் தூக்கப் பிடிக்கவில்லை என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், குணமாகக்கூடியது என்று அவளுக்கு யாரும் சொல்லிவிடாதபடி, "காத்து கருப்பு பட்டிருக்கும், வேப்பிலை அடிங்க" என்று முடித்துவிடுங்கள்.

இரண்டாவது பிள்ளையோடு குடும்பக் கட்டுப்பாட்டுப் பேச்சு வரும். ஆணுக்குச் செய்வது சில நிமிட வேலை, வயிற்றைத் திறக்க வேண்டாம், தையலும் இல்லை. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆகவே பெண்ணுக்குத்தான் செய்ய வேண்டும். "அவரு வெயிட்டு தூக்கற ஆளு" என்று மாமியார் சொன்னால் போதும். அவர் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்பதை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். நாடு முழுக்க இதே முடிவைத்தான் எடுத்திருக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம்.

இனி அன்றாடப் பராமரிப்பு. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் உட்கார வேண்டும். கீரை பிள்ளைகளுக்கு, ஈரல் அவருக்கு, குழம்புச் சட்டியில் ஒட்டியிருப்பது அவளுக்கு. சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் காபி கொடுத்து உபசரியுங்கள், உள்ளே போன கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் அது பார்த்துக்கொள்ளும். மேலே சொன்ன அதே கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. இத்தனை திட்டங்கள் உள்ள தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னால் அதன் பெயர் சோம்பல். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும், செய்யும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அந்த 88இல் கடைக்குப் போய்வந்த நேரமும் சேர்த்தி.

எத்தனை திறமையாகத் தள்ளிப்போட்டாலும் ஒருநாள் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டி வரும். அப்போது கணவர் அல்லது மகன் நாற்காலியில் உட்கார வேண்டும், அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். "கை கால் வலிங்கறா சார், சரியா சாப்பிடறதில்ல." வெள்ளைப்படுதல், ரத்தப்போக்கு, சிறுநீர் அடக்க முடியாமை போன்றவற்றை அவள் உங்கள் எதிரே சொல்ல மாட்டாள். நேரம் மிச்சம். கடைசியில், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்களேன்" என்று கேளுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் வழக்கமாக இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதை வீட்டிலேயே கரைத்துக் குடித்திருக்கலாம். ஆனால் கம்பியில் பாட்டில் தொங்கினால்தானே வைத்தியம் பார்த்த மாதிரி இருக்கும்?

நாற்பத்தைந்துக்குப் பிறகு, "நின்னுட்டா சரியாப் போயிடும்." நடுராத்திரியில் வியர்க்கிறது, தூக்கம் வரவில்லை, சட்டென்று கோபம் வருகிறது என்பதெல்லாம் நகைச்சுவைக்கான பொருள். "அம்மாவுக்கு மெனோபாஸ்டா" என்று பிள்ளைகள் எதிரிலேயே சொல்லிச் சிரியுங்கள். ஒரு நாளைக்கு ஆறேழு நாப்கின் நனைகிற அளவுக்குப் போகிறது என்றாலும் காத்திருங்கள். காத்திருப்பு முற்றிப்போனால் நேரே மறுகோடிக்குத் தாவலாம்: "கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுட்டா நிம்மதி." மருந்தில் அடங்குமா, கட்டி இருந்தால் அதை மட்டும் அகற்ற முடியுமா, சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் எலும்பும் இதயமும் என்ன ஆகும் என்று கேட்டு ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். இத்தனை வருடம் அவசரப்படாதவர்கள் இப்போது அவசரப்பட உரிமை உள்ளவர்கள்.

இந்த இடத்தில் மட்டும் கேலியை நிறுத்திவைக்கிறேன். தீட்டு நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு துளி ரத்தம் பட்டாலும் அது திரும்பி வந்த தீட்டு அல்ல. கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலும் இராது, ஆனால் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும்.

அறுபதுக்கு மேல் உழைப்பே தேவையில்லை. "வயசானா அப்படித்தான்" என்ற வாக்கியம் தானே ஓடும். தும்மினால் புடவை நனைகிறதா, முதுகு வளைகிறதா, வயசானா அப்படித்தான். தாடையும் தோளும் வலிக்கிறது, குமட்டுகிறது என்றால் வாயுத்தொல்லை என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் இப்படியும் வரும் என்பதை ஐசியு வாசலில் தெரிந்துகொள்ளலாம். வெளிநாட்டிலுள்ள மகன் வீடியோ காலில் "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டால் கடமை முடிந்தது. எந்த மாத்திரை என்று அவனுக்கும் தெரியாது.

இந்த முறையைப் பின்பற்ற மனமில்லாதவர்களும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு: தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் காசில்லாமல் பார்க்கிறார்கள். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் பரிசோதிக்கிறார்கள். காலையில் போங்கள். கூடப் போகிறவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். உள்ளே அம்மாவே பேசட்டும்.