பெயர் வைத்தால் போதுமா?

கேள்வி: கண்ணுக்கே தெரியாத குளவிக்குப் பெயர் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அதனால் எங்கள் குறுவைக்கு என்ன லாபம்?
(ஒரு விவசாயி, பாபநாசம்)

பதில்: நிறையவே லாபம், ஐயா. பெயர் தெரிந்தால்தானே வயலில் யார் பகை, யார் உறவு என்று சொல்ல முடியும்? உங்கள் தஞ்சாவூரில் 1908-ல் பிறந்த எம்.எஸ். மணி, இந்தியாவின் பல ஒட்டுண்ணிக் குளவிகளை உணர்கொம்பின் கணு, இறக்கையின் மயிர் வரை பார்த்து விவரித்தவர்.

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. அதன் எமனான அசெரோபேகஸ் பப்பாயே குளவி 2003-லேயே விவரிக்கப்பட்டிருந்தது. பெயர் தெரிந்திருந்ததால், 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதைத் தருவித்துத் தோட்டங்களில் விட்டார்கள், மாவுப்பூச்சி அடங்கியது.

உங்கள் நெல்லுக்கு டிரைக்கோகிரம்மா குளவி இருக்கிறது. உடம்பு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. குருத்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டுவிடும், பூச்சியின் முட்டை கறுத்துப்போகும். கூலி கேட்காத ஆள். இந்தக் குளவி வெளிவரும் ஒட்டுண்ணி அட்டையை வயலில் கட்டிய வாரத்தில் மட்டும் மருந்து அடித்துவிடாதீர்கள்.