நான்கு சாமியார்களும் ஒரு சமையல் வண்டியும்

நாகரிகம் அலுத்துப்போய், காட்டுப் பக்கம் போய் எளிமையாக இருக்கலாம் என்று நினைப்பவர் ஒரு துண்டும் சொம்புமாகக் கிளம்புவார். தாமஸ் ஆல்வா எடிசனுக்கும் ஹென்றி ஃபோர்டுக்கும் அந்த நினைப்பு வந்தபோது சமையல் லாரி கிளம்பியது. பின்னாளில் ஃபோர்டு செய்துவைத்த சமையல் வண்டியில் பெட்ரோல் அடுப்பும் ஐஸ்பெட்டியும் உள்ளேயே இருந்தன. கூட வந்தவர்கள் டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோனும், வெள்ளைத் தாடி வைத்த இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸும். இந்தக் கோஷ்டிக்கு 'நாடோடிகள்' என்று பெயர். இவர்கள் நாடோடிகள் என்றால், ஷூட்டிங் கேரவனில் ஏசி போட்டுத் தூங்கும் நம் ஹீரோ முற்றும் துறந்த முனிவர்தான்.

1915-ல் கலிஃபோர்னியாவில் பிடித்த இந்தக் கிறுக்கு, நடுவில் ஓரிரு வருடம் விட்டாலும், 1924 வரை நீடித்தது. ஆளுக்கொரு கூடாரம், மடக்குக் கட்டில், கம்பளி. கூட்டத்தில் எடிசன் இருக்கும்போது அரிக்கேன் விளக்கு ஏற்றினால் மரியாதையாக இருக்குமா? பேட்டரி வைத்துக் கூடாரத்துக்குக் கூடாரம் பல்பு எரிந்தது. சாப்பிட ஒரு பிரம்மாண்டமான வட்ட மேஜை. சுமார் இருபது பேர் சுற்றி உட்காரலாம். நடுவில் ஒரு சுழல்தட்டு. ரொட்டி வேண்டுமென்றால் யாரையும் கெஞ்ச வேண்டாம், தட்டைச் சுற்றினால் போதும். எளிமை அந்த அளவில் இருந்தது.

ஆனால் பயணம் யாரையும் விடுவதில்லை. கோடீஸ்வரனுக்கும் கொசு கடிக்கும்.

முதல் தொல்லை, வழி காட்டுபவர். முன்சீட்டில் திசைகாட்டியோடு உட்கார்ந்துகொண்ட எடிசனுக்கு நல்ல ரோடு என்றாலே ஆகாது. மெயின் ரோடு கண்ணில் பட்டால் பக்கத்தில் ஏதாவது வண்டிப்பாதை உண்டா என்று பார்ப்பார். எதிர்த்துச் சொல்லலாம் என்றால் மனிதருக்குக் காதும் அவ்வளவாகக் கேட்காது. குடும்பத்தோடு டூர் போய் வழி தவறிய எல்லோரும் இந்த நிலைமையைப் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்காவது கத்திப் பார்க்க முடிந்தது.

அடுத்தது குளியல். சவரம் செய்யாமல், போட்ட உடுப்போடு படுத்து எழுவதுதான் காட்டு வாழ்க்கைக்கு அழகு என்பது எடிசன் கட்சி. 1916 பயணத்தில் ஃபயர்ஸ்டோனுக்குப் பொறுக்கவில்லை. நைசாக நழுவி ஒரு ஹோட்டலுக்குப் போய்க் குளித்து, முகம் மழித்துத் திரும்பினார். அதற்கு எடிசன், இப்படியே போனால் நீ மைனர் வேஷம் கட்டிக்கொண்டு திரிவாய் என்கிற ரீதியில் வாரிவிட்டார்.

பரிதாபத்துக்குரியவர் பரோஸ்தான். மோட்டார் கார் என்றாலே முகம் சுளித்த மனிதர். அவர் மனசை மாற்ற 1913-ல் ஃபோர்டு ஒரு மாடல் டி காரைப் பரிசாக அனுப்பினார். பெரியவர் ஓட்டக் கற்றுக்கொண்டார். தன் கொட்டகைச் சுவரையே இடித்துக்கொண்டு போகும் அளவுக்குக் கற்றுக்கொண்டார். 1918-ல், 81 வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதைகளில் குலுங்கிக்கொண்டு வந்தவரும் அவரே. குளிர், புகை, கொசு, தூக்கமில்லாத இரவு எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டு, இந்த அவஸ்தையைத் தேடித்தானே ஐயா மனிதன் கூடாரத்துக்கே வருகிறான் என்ற பொருளில் எழுதியும் வைத்தார். எழுத்தாளனுக்கு எதுவும் வீணாவதில்லை.

அந்தப் பயணத்தில்தான் பென்சில்வேனியாவின் கனல்ஸ்வில்லில் ஒரு பேக்கார்ட் கார் படுத்துக்கொண்டது. ஃபேன் உடைந்து ரேடியேட்டரைப் பொத்தலாக்கிவிட்டது. புது ரேடியேட்டர் வந்தால்தான் வண்டி நகரும் என்று மெக்கானிக்குகள் கையை விரித்தார்கள். ஃபோர்டு கோட்டைக் கழற்றினார், சட்டைக் கையைச் சுருட்டினார், இரண்டு மணி நேரத்தில் வண்டியை ஓடவிட்டார். பேக்கார்ட் என்பது போட்டிக் கம்பெனிக் கார். கிரீஸ் படிந்த கையோடு எழுந்து நின்ற அந்த முகத்தில் என்ன திருப்தி இருந்திருக்கும்! மொத்தப் பயணத்திலும் அவர் முழுசாகச் சந்தோஷப்பட்டது அந்த இரண்டு மணி நேரம்தான் என்று நான் பந்தயம் கட்டுவேன். மற்ற நேரமெல்லாம் ஓடையைக் கண்டால் ரசிக்காமல், இத்தனை நீர்ச்சக்தி வீணாகிறதே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பரோஸ் 1921 மார்ச்சில் காலமானார். அந்த ஜூலையில், மேரிலாந்து முகாமுக்கு அமெரிக்க ஜனாதிபதி வாரன் ஹார்டிங்கே வந்து சேர்ந்தார். கோடாலி எடுத்து விறகு பிளந்தார். எடிசனைக் கவர்ந்தது விறகல்ல. ஹார்டிங் பையிலிருந்து மெல்லும் புகையிலையை எடுத்து நீட்டினார். புகையிலை மெல்லுகிற ஆள் மோசமாக இருக்க முடியாது என்று எடிசன் சான்றிதழ் கொடுத்துவிட்டார். நாட்டு மக்கள் அதற்குத் தேர்தல் வைத்திருந்தார்கள், பாவம்.

ஜனாதிபதி வந்தால் நிருபர் வருவார், போட்டோக்காரர் வருவார், வேடிக்கை பார்க்க ஊரே வரும். ஏற்கெனவே ஃபோர்டு கம்பெனியின் சினிமா கேமராவும் கூட வந்துகொண்டிருந்தது. வீட்டு அம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள். தாடி வளர்க்கும் திட்டம் அத்தோடு முடிந்தது.

1924-ல் கடைசிப் பயணம். வெர்மான்ட்டில் ஜனாதிபதி கூலிட்ஜின் வீட்டுக்குப் போனார்கள். உலகத்துக்கே கார் விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டுக்கு அவர் கொடுத்த பரிசு, மேப்பிள் மரத்துச் சாறு பிடிக்கும் ஒரு பழைய குடும்ப வாளி. கூட்டம் தாங்காமல் அதன்பின் நாடோடிகள் வீட்டோடு இருந்துவிட்டார்கள். இத்தனை வருடம் இத்தனை மலைப்பாதைகளில் டயர் தேய்ந்ததே என்று கவலைப்படாத ஒரே ஆள் ஃபயர்ஸ்டோனாகத்தான் இருந்திருப்பார்.