சேரை விட்டு எந்திரிக்காத மாப்ளைக்கு

என்னுங் மாப்ள, சேர்ல உக்காந்துக்கிட்டு யோகாவான்னு அத்தனை பேருக்கு முன்னால கெக்கெக்கேன்னு சிரிச்சீங்களாமா. சிரிங்க, காசா பணமா. ஆனா சிரிச்சு முடிச்சு எந்திரிக்கறப்ப ரெண்டு கையையும் தொடையில ஊனி, "முருகா"ன்னு ஒரு சத்தம் போட்டீங்களே, அது எந்த ஆசனமுங்க? அதையும் சொல்லிக்கொடுத்துப்போடுங்க, கத்துக்கறேன்.

உத்தியோகம் முச்சூடும் சேரோடதான் குடும்பம் நடத்துனீங்க. ரிட்டயர் ஆயும் உட்டபாடில்லை. டிவி முன்னால ஒண்ணு, தாவாரத்துல ஒண்ணு, பேப்பர் படிக்கத் தனியா ஒண்ணு. அப்பல்லாம் வராத மானம், டாக்டரு "உக்காந்துக்கிட்டே பயிற்சி பண்ணுங்க"ன்னதும் வந்துபோச்சாக்கும். பண்ணுனா பாய் விரிச்சுத் தலைகீழாத்தான் நிப்பீங்க, இல்லீன்னா ஒண்ணும் பண்ண மாட்டீங்க. ரொம்பச் செரி. ஜூன் 21 யோகா தினத்தன்னைக்குப் புதுப் பனியனோட மைதானத்துல படுத்து எந்திரிச்சவங்க, 22ஆந் தேதி எங்க இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குப் பக்கத்து சேர்லதானே இருந்தாங்க.

இது சோம்பேறிக கண்டுபுடிச்சதுன்னு நெனைக்கறீங்க. அமெரிக்காவுல லட்சுமி வோல்க்கர்னு ஒரு அம்மிணி, மூட்டுவாதத்தால தரையில உக்கார முடியாத ஒரு மாணவிக்காக 1982ல சேர்லயே சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சாங்க. பேரைப் பாத்து நம்மூர்ப் பொண்ணுன்னு ஒறவு கொண்டாடப் போயிராதீங்க. இக்கட்டால புனேயில பி.கே.எஸ். ஐயங்கார் மடக்கற இரும்புச் சேரையே சாமானமா வெச்சு எத்தனையோ பேரை வளைச்சு நிமித்துனாரு. சின்ன வயசுல காசநோய், மலேரியான்னு படாத பாடு பட்ட ஒடம்பு அது. 2014ல போறப்ப வயசு 95. அவருக்குக் குரு கிருஷ்ணமாச்சாரி. மைசூர் அரண்மனையில எளவட்டப் பசங்களைக் குதிக்க உட்டு ஆட்டி வெச்ச மனுசன், சென்னைக்கு வந்தப்புறம் ஆளுக்குத் தக்கன, சீக்குக்குத் தக்கன பாடத்தை மாத்திக் கொடுத்தாரு. நூறு வயசு பாத்தாரு. ஐயங்கார் அவரு பொண்டாட்டிக்குத் தம்பி. மச்சினனைப் போட்டுப் படுத்தறது நம்ம ஊர்ல மட்டும் இல்லீங்க மாப்ள.

இன்னும் மேல போனா பதஞ்சலி. ஆசனத்துக்குன்னு அவரு ஒதுக்குனது மூணே மூணு சூத்திரம். ஆட்டம் இல்லாம இருக்கோணும், சொகமா இருக்கோணும்னு கேட்டாரே ஒழிய, தலைகீழா நின்னு போட்டோ புடிச்சு குரூப்புல போடோணும்னு சொல்லக் காணோம்.

செரி, சேருக்கு வாங்க. உங்க ஆபீசுல வழியனுப்பறப்ப கொடுத்த சக்கரம் வெச்ச சேர் ஆவாது. நீங்க ஒரு பக்கம் திரும்புனா அது ஒரு பக்கம் ஓடும். கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் சேரும் வேண்டாம். வழவழன்னு டைல்ஸ் மேல காலை விரிச்சுச்சுன்னா, யோகா முடிஞ்சு மாவுக்கட்டு ஆரம்பிச்சுரும். கை வெக்காத மரச்சேரா பாத்து, அதோட முதுகைச் சொவத்துல அண்டக் குடுத்துப் போடுங்க. சித்தெ முன்னால தள்ளி, சாயாம உக்காருங்க. ரெண்டு பாதமும் தரையில படியோணும். எட்டலீன்னா ஒரு பலகையைப் போடுங்க. சாப்ட்டதும் வேண்டாம், உங்களுக்கு எது சாப்பாடு எது நொறுக்குன்னு தெரியாததுனால, வெடியால எந்திரிச்சதும் பண்ணிப்போடுங்க.

மொதல்ல குதிகாலைத் தூக்கித் தூக்கி வெய்யுங்க. அப்புறம் முன்பாதம். இதென்ன கொழந்தை வெளையாட்டுன்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க. கீழ எறங்குன ரத்தத்தை மேல தள்ளறது கெண்டைக்கால் சதைதான். அது சுருங்குனாத்தான் ரத்தக்கொழாயில இருக்கற ரத்தம் நெஞ்சைப் பாத்து ஏறும். சும்மாவே தொங்கப்போட்டுக்கிட்டு மெட்ராசுக்கு பஸ்ல போயி எறங்கறப்ப செருப்பு பத்தாம போச்சே, அது செருப்பு சுருங்குனது இல்லீங்க.

அப்பறம் ஒரு காலை நேரா நீட்டி, அஞ்சு எண்ணற வரைக்கும் புடிச்சு, மெதுவா எறக்குங்க. தொடைச் சதை வலுத்தா மூட்டு மேல பாரம் கம்மி. மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே நெஞ்சை முன்னால தள்ளுங்க, உடறப்ப முதுகைக் கூன் போடுங்க. எலும்பு மெலிஞ்சுபோச்சுன்னு டாக்டரு சொல்லியிருந்தா அந்தக் கூனும், முன்னால குனியறதும் ஆவாது. கண்ணுல பிரசர் இருக்கறவங்களும் தலையைக் கீழ தொங்கப்போடக் கூடாது. இடுப்பு மூட்டு மாத்துனவங்க டாக்டரைக் கேக்காம எதையும் தொடக் கூடாது. கடைசியா, இடுப்புக்கு மேல மட்டும் ஒரு பக்கம் திரும்பி, சேரோட முதுகைப் புடிச்சுக்கோங்க. பக்கத்து ஊட்டுல யாரு ஒறம்பரை வந்திருக்கறாங்கன்னு சன்னல் வழியாத் திரும்பிப் பாப்பீங்களே, அதே மாதிரித்தான். அது உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

மனசு விசயத்துக்கு வர்றேன். ரிட்டயர் ஆனதுல இருந்து உங்களுக்குக் கோபம் எச்சாயிருச்சுன்னு உங்கூட்டு அம்மிணி சொல்லுச்சு. டிவியில வாரவன் கூடச் சண்டை, காஸ் சிலிண்டர் கொண்டாரவன் கூடச் சண்டை, ஆரும் சிக்கலீன்னா ரசத்துல உப்போட சண்டை. அதிகாரம் பண்ண ஆளில்லாத கொறை, மாப்ள, வேறொண்ணும் இல்லை. மூச்சு உள்ள போறப்ப நெஞ்சு சித்தெ வெசையா அடிக்கும், வெளிய வாரப்ப மெதுவாகும். உங்களுக்கு எனக்கு எல்லாருக்கும் அதே கணக்குத்தான். அதனால நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி உடுங்க. அடைச்சு வெக்காதீங்க, உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வேற. இப்படி அஞ்சு நிமிசம் பண்ணிப்போட்டு அப்புறமும் உப்போட சண்டை போடோணும்னு தோணுச்சுன்னா, தாராளமாப் போடுங்க.

இன்னொண்ணு. ஒரு சேர் போடாதீங்க, ரெண்டு போடுங்க. உங்கூட்டுல அத்தனை சேர் கெடக்குதே, அந்த அம்மிணி எதுலயாச்சும் உக்காந்து நீங்க பாத்திருக்கறீங்களா? நான் பாத்ததில்லை. அடுப்படியில நின்னு நின்னு வீங்குன காலுக்கு, அந்தக் குதிகால் பயிற்சி உங்களைவிட அதுக்குத்தான் மொதல்ல வேணும். அது உக்கார்ற நேரம் காப்பியை நீங்க போடுங்க. சேர் யோகாவுல அதுவும் ஒரு ஆசனம்னு நெனச்சுக்கோங்க, உங்களுக்கு அதுதான் கஷ்டமான ஆசனமா இருக்கும்.

பண்ண மாட்டேன், என் ஒடம்புக்கு என்னன்னு இன்னும் முறுக்கிக்கிட்டு இருந்தீங்கன்னா, ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். அமெரிக்காவுல, வயசானவங்க கீழ உழுந்துபோடற நெலமையில இருக்கறாங்களான்னு பாக்க டாக்டருங்க வெக்கற சோதனை அது. பதினேழு அங்குல ஒசரத்து சேர்ல உக்காந்து, ரெண்டு கையையும் நெஞ்சு மேல குறுக்காக் கட்டிக்கிட்டு, 30 நொடியில எத்தனை தடவை முழுசா எந்திரிச்சு உக்கார்றீங்கன்னு எண்ணோணும். 70ல இருந்து 74 வயசுக்குள்ள ஆம்பளைன்னா 12, பொம்பளைன்னா 10. அதுக்குக் கீழ வந்தா உசாரா இருக்கோணும். கையை ஊனக் கூடாது, முருகனையும் கூப்பிடக் கூடாது. பக்கத்துல ஒரு ஆளை நிக்க வெச்சுக்கோங்க, தலை சுத்துனா நிறுத்திப்போடுங்க. அம்மிணியே நிக்கட்டும், எண்ணிக்கையும் அதுவே பாத்துக்கட்டும். நீங்க எண்ணுனா எட்டு எப்படியும் பன்னெண்டாயிரும்.